நடப்பதற்காக ரயில் ஏறினேன்!

"கூட யார் வர்றாங்க?"

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே நடந்து போகப் போகிறேன் என்று நான் வாயைத் திறந்த நாளிலிருந்து ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்ட கேள்வி இதுதான். எத்தனை நாள், எவ்வளவு தூரம், கால் வலிக்காதா... ஊஹூம், அதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. "யாரும் வரலை, நான் மட்டும்தான்" என்றதும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு அடுத்த கேள்வி வரும். "வீட்ல ஏதாச்சும் மனஸ்தாபமா?"

ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வாசல்படி இறங்கினால் ஒன்று பிறந்த வீட்டுக்குப் போகிறாள், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு போகிறாள். இந்த இரண்டையும் விட்டால் மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கவே கூடாதா, சகோதரிகளே?

எனக்கு இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் நெய்க்காரப்பட்டி. பழனிக்கு மேற்கே சில மைல் தூரம். சுற்றிலும் கரும்பு, தென்னை. கொப்பரையில் பாகு காய்ந்து வெல்லமாகிற நேரத்தில் தெருவுக்கே அந்த வாசனை வரும். தை பிறந்துவிட்டால் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பச்சை வேட்டி, தோளில் காவடி, இடுப்பில் குழந்தை, காலில் கட்டுப் போட்ட துணி! கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முப்பது வருஷமாக அவர்களுக்கு நானும் நீர்மோர் கொடுத்து வருகிறேன். "இன்னும் எவ்வளவு தூரம் தாயி?" என்று கேட்டால், "இந்தா, கிட்டத்துல வந்துட்டீங்க" என்று தைரியம் சொல்லி அனுப்புவேன்.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் நடை முடிகிற இடத்தில்தான் எங்கள் வீடு. பழனிக்குப் பக்கத்தில் வாக்கப்பட்டவளுக்குப் பாதயாத்திரை ஏது? காலையில் கிளம்பினால் பலகாரம் சாப்பிடுகிற நேரத்துக்குள் அடிவாரம் வந்துவிடுமே! நடக்க வேண்டுமென்றால் நான் முதலில் ரயில் ஏறியாக வேண்டும்.

என் மாமியார் ஆறு வருஷம் படுத்த படுக்கையாக இருந்தார். பெற்ற பெண்ணைக் கூப்பிடுவதுபோல "கண்ணு" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அவருக்குச் செய்ததில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்த பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு "கண்ணு" என்று கூப்பிடுகிற மாதிரி விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்தால் கட்டில் காலியாக இருக்கும். அப்புறம் விடிகிறவரை தூக்கமில்லை. உடம்பில் சர்க்கரையும் ஏறியிருந்தது. "தினம் நடங்கம்மா, மருந்து பாதி, நடை பாதி" என்றார் டாக்டர்.

அப்படித் தூங்காத ஓர் இரவில்தான் ஒரு கணக்குப் போட்டேன். எனக்கு 53 வயது. சின்ன வயதில் தங்கைகளோடு ஒரே பாயில் படுத்தேன். பிறகு கணவர், பிறகு குழந்தைகள், பிறகு மாமியாரின் கட்டிலுக்குக் கீழே. இத்தனை வருஷத்தில் ஓர் அறையில் நான் தனியாகப் படுத்த ராத்திரி ஒன்றுகூட இல்லை! உங்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும்? போட்டுப் பாருங்கள்.

அறுபடை வீடுகளில் கடற்கரையில் இருப்பது திருச்செந்தூர் ஒன்றுதான். அங்கிருந்து கரையோரமாகவே போனால் ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் கன்னியாகுமரி. ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் வைத்தால் ஆறு நாள். முடிவு செய்துவிட்டேன்.

என்னவரிடம் சொன்னபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி, போ. நான் வேணும்னா பின்னாலேயே பைக்ல வரட்டுமா?" என்றார் பாவம்! கோயம்புத்தூரிலிருந்து பையன் போனில், "கார் ஏற்பாடு பண்றேம்மா, ஒரே நாள்ல பாத்துட்டு வந்துடலாம்" என்றான். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த மருமகள்தான் அவனிடமிருந்து போனை வாங்கினாள். "போயிட்டு வாங்க அத்தை. நீங்க போனாத்தான் நாளைக்கு நானும் எங்கயாச்சும் போக முடியும்." அன்றைக்கே பையனை விட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

நான் ஒன்றும் புதுமை செய்துவிடவில்லை. கையில் ஒரு கோலோடு ஊர் ஊராக நடந்த ஔவைப் பாட்டிக்குத் துணை யார் வந்தார்கள்? அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி. 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955-ல், 67 வயதில், தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணக் கான்வாஸ் ஷூவோடு, அப்பலாச்சியன் மலைப்பாதை 2,000 மைலுக்கு மேல் தன்னந்தனியாக நடந்து முடித்தார். வீட்டில் அவர் சொல்லிவிட்டுக் கிளம்பியது, சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும்தானாம்! வேல்ஸ் நாட்டில் 2012-லிருந்து கடற்கரை முழுவதற்கும் 870 மைல் நடைபாதையே போட்டு வைத்திருக்கிறார்கள். நமக்கு அப்படிப் பாதையும் பலகையும் கிடையாது. ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை இருக்கிறது. அதையொட்டி மீனவர் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

மூன்று மாதம் தயார் செய்துகொண்டேன். வாரத்தில் நான்கு நாள் பழனி கிரிவீதியைச் சுற்றினேன். வாரம் ஒரு நாள் 693 படியும் ஏறி இறங்கினேன். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, காலில் முள் குத்தினால்கூடச் சிலருக்குத் தெரியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நூல் சேலையைக் கணுக்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு நான் சுற்றியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இரண்டு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் இரண்டு பேர் கூடவே நடக்க ஆரம்பித்தார்கள்!

தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு காலையில் பழனி ஸ்டேஷனில் நின்றேன். பாலக்காட்டிலிருந்து திருச்செந்தூர் போகிற எக்ஸ்பிரஸ். மீட்டர் கேஜை அகலப்பாதையாக்கும் வேலை முடிந்து, 2015-ல் பொள்ளாச்சிப் பக்கமும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு எங்களுக்குக் கிடைத்த வசதி இது. காலையில் ஏறினால் பிற்பகலில் செந்தூரில் இறங்கலாம், நடுவில் மாற வேண்டியதில்லை. என்னவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி இருக்கா, மாத்திரை இருக்கா, போன் சார்ஜ் இருக்கா" என்று மூன்று தடவை கேட்டார். வண்டி நகர்ந்ததும் என்னை அறியாமல் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். பை விழுந்துவிடுமோ, குழந்தை எட்டிப் பார்க்குமோ என்று முப்பது வருஷப் பழக்கம். அங்கே யாரோ ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ரயிலில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் எப்போதும் பிள்ளைகளுக்கு. நமக்குச் சாப்பாட்டுப் பையும் தண்ணீர்ப் பாட்டிலும்தானே! பழனி மலை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு ஏறிய இரண்டு பெண்கள் என் ஷூவைப் பார்த்து ஏதோ கிசுகிசுத்தார்கள். திண்டுக்கல் வந்தது. கொடைக்கானல் ரோடு, சோழவந்தான் தென்னந்தோப்புகள், மதுரை. கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றில் பாதியைச் சாப்பிட்டேன். யாருக்கும் பரிமாறாமல், சூடு இருக்கும்போதே, என் பசிக்கு நான் சாப்பிட்டது எத்தனை நாளைக்குப் பிறகோ!

விருதுநகரைத் தாண்டியதும் மண் கறுத்துவிட்டது. சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினேன். கோவில்பட்டி வந்தால் கடலைமிட்டாய் வாங்காமல் விடுவார்களா? பேரனுக்கு ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டேன். பார்த்தீர்களா, தனியாகப் போனாலும் வீடு பையிலேயேதான் இருக்கிறது!

மதுரையில் கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். "ஒரு நிமிஷம் வச்சுக்கிடுதியளாம்மா, கை கழுவிட்டு வாறேன்" என்று குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தவள் பேச்சுக் கொடுத்தாள். வழக்கமான கேள்வி வந்தது.

"கூட யாரும் வரலியா?"

"இல்லைம்மா. தனியாத்தான் நடக்கப் போறேன்."

"பயமா இல்லியா?"

உண்மையைச் சொன்னேன். "இருக்கு. ராத்திரி ரூம்ல தனியாப் படுக்கணும்ங்கறதை நினைச்சாத்தான் வயித்தைப் பிசையுது."

அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஒரு அரை மணி நேரம் தனியா இருந்தாப் போதும்னு இருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. குழந்தை ராத்திரியெல்லாம் தூங்குவதில்லையாம். வீட்டு வேலைக்கும் வேறு ஆளில்லை. நான் ஒன்றும் புத்திமதி சொல்லவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "திருநெல்வேலி வர்றவரைக்கும் நீ கண்ணை மூடு" என்றேன். இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். அத்தனை அலுப்பு! இளம் தாய்மார்களே, அந்த அரை மணி நேரத்தை அம்மாவிடமோ மாமியாரிடமோ கணவரிடமோ வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது சோம்பேறித்தனம் ஆகாது. பிள்ளை பெற்ற உடம்புக்கு அதுவும் மருந்துதான்.

திருநெல்வேலியை விட்டதும் தாமிரபரணி. அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒரே பச்சை, வாழையும் நெல்லும். 1923-ல் போட்ட பாதை இது. செய்துங்கநல்லூர் தாண்டி ஸ்ரீவைகுண்டம் வரப்போகிறது என்றதும் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, "இந்த ஸ்டேஷன்லதாம்மா அன்னைக்கு ரயில் நின்னுச்சு" என்றாள். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர் 17-ந் தேதி பெருமழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் இங்கே நிறுத்தப்பட்டது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. கிட்டத்தட்ட 800 பேர். சுற்றிலும் தண்ணீர். அவர்களை முழுதாக வெளியே கொண்டுவர இரண்டு நாளாயிற்று. அதுவரை பக்கத்துக் கிராமத்து ஜனங்கள், தங்கள் வீட்டிலேயே வெள்ளம் புகுந்த நிலையிலும், இருக்கிற அரிசியைப் பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள்.

"அதுலயும் தனியா வந்த பொம்பளைங்க இருந்திருப்பாங்க இல்லம்மா?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கிப் போனாள். நான் யோசித்துப் பார்த்தேன். சோறு வடித்துக் கொடுத்தவர்கள் யாரும், கூட யார் வந்தார்கள் என்று கேட்டுவிட்டா இலை போட்டிருப்பார்கள்? காலையிலிருந்து வயிற்றில் இருந்த பிசைவு கொஞ்சம் குறைந்தது போலிருந்தது.

ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகனேரி, காயல்பட்டினம்... அப்புறம் திருச்செந்தூர். இறங்கியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது.

முதலில் போன லாட்ஜில், "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். ஆதார் அட்டையை நீட்டியும் பிரயோஜனமில்லை. எனக்கு முன்னால் தனியாக வந்த ஓர் ஆணுக்குச் சாவி கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்! சண்டை போடாமல் வெளியே வந்தேன். இரண்டாவது இடத்தில் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் சாவியைக் கொடுத்தார்கள். தனியாகப் போகிறவர்கள் தங்குகிற இடத்தை முன்கூட்டியே போனில் பேசி, "ஒரே ஒரு பெண்மணிதான்" என்று தெளிவாகச் சொல்லி உறுதி செய்துகொள்வது நல்லது.

சாயங்காலம் கடலில் கால் நனைத்து, நாழிக்கிணற்றில் குளித்து, சந்நிதிக்குப் போய் வந்தேன். கடலுக்கு அத்தனை பக்கத்தில் நாழிக்கிணற்றுத் தண்ணீர் மட்டும் உப்புக் கரிக்காமல் இருக்கிறது! அறைக்குத் திரும்பிக் கதவைத் தாழிட்டேன். நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். வீட்டுக்குப் பேசினேன். விளக்கை அணைக்காமலே படுத்தேன். கடல் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கண் விழித்தபோது மணி நாலரை! இரண்டு மணிக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. படுக்கையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அழுது முடித்து ஷூவைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆறு நாள் நடையை முழுவதும் எழுத இந்தப் பக்கங்கள் போதாது. ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், புனித சவேரியார் தங்கிய குகை இருக்கிற மணப்பாடு, பெரியதாழை, சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அந்தோணியார் கோயிலும் இருக்கிற உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி, கடலை ஒட்டிய வட்டக்கோட்டை, பிறகு குமரி. குலசேகரன்பட்டினம் பக்கம் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே வேலி தெரிந்தால் சாலைக்கு ஏறிவிட வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையத்துப் பக்கமும் கரையில் நடக்க முடியாது, பஸ்தான். உடன்குடிப் பக்கத்தில் எனக்குக் கருப்பட்டிக் காபி கொடுத்த ஓர் அம்மாளுக்கு எங்கள் ஊர் வெல்லத்தில் ஒரு துண்டு கொடுத்தேன். "கரும்புல செஞ்சதா?" என்று வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க பனைக்கு ஈடாகாது" என்றார். விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை! வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்களும் "கூட யாரு?" என்றுதான் கேட்டார்கள். ஆனால் நான் பதில் சொல்வதற்குள், "சரி, உக்காரு, வெயில் தாழப் போ" என்று தண்ணீர்ச் செம்பு வந்துவிடும்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு, நான் கடைப்பிடித்த சிலவற்றைச் சொல்கிறேன்.

நடையை விடியற்காலையில் ஆரம்பித்து ஒன்பதரைக்குள் நிறுத்திவிடுங்கள். மறுபடி நாலு மணிக்கு மேல் ஆரம்பித்து இருட்டுவதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

காய்ந்த மணலில் கால் புதையும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அலை வந்து திரும்பிய ஈரமணல்தான் கெட்டியாக இருக்கும். ஆனால் கரை சரிவானது. தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம் இருப்பதால் இடது கால் தாழ்ந்தே நடக்கும், இடுப்பு வலிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாலைக்கு ஏறிக் கொஞ்ச தூரம் சமதரையில் நடந்தால் சரியாகிவிடும்.

ஷூவுக்குள் மணல் புகுந்தால் உடனே உட்கார்ந்து தட்டிவிடுங்கள். கொப்புளத்துக்கு அதுதான் ஆரம்பம். பருத்திக் காலுறை மூன்று ஜோடி வேண்டும். ராத்திரி பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரை பார்த்துவிட்டுப் படுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரை, ஊசி பற்றி டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். நடையில் சர்க்கரை திடீரென்று இறங்கி, உடம்பு நடுங்கி வேர்த்தால், சட்டென்று வாயில் போட ஒரு துண்டு வெல்லம் இடுப்பிலேயே இருக்கட்டும்.

பையின் கனம் ஐந்து கிலோவைத் தாண்ட வேண்டாம். இரண்டு சேலை, ஒரு துண்டு, மாத்திரை, தண்ணீர், டார்ச், விசில் போதும். நகை வேண்டவே வேண்டாம்.

ரயிலில் உதவிக்கு 139, பெண்களுக்கு 181, கடலோரக் காவலுக்கு 1093. இந்த மூன்று எண்களையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லையென்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. கரையோர ஊர்களுக்கு டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து நமக்கு டிக்கெட்டே கிடையாதே!

தொண்ணூறு கிலோமீட்டர் முடியாது என்கிறவர்கள் திருச்செந்தூரிலிருந்து ஆலந்தலை வரையாவது போய் வாருங்கள். காலையில் ஒரு நடைதான். அதற்காக ரயில் ஏறும்போது ஜன்னலோரத்து இடமாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.